டென்மார்க் கப்பலுக்குத் திருவொற்றியூர் வால்வு

இங்கே விற்பவரையும் டென்மார்க்கில் வாங்குபவரையும் இணைக்கும் வேலையை இப்போது ஒரு கணினிச் செயலி செய்கிறது. விற்பவர் தன் பொருளின் விவரங்களை ஏற்றுகிறார். வாங்குபவர் தன் தேவையை ஏற்றுகிறார். இருவருக்கும் பொருத்தம் எவ்வளவு என்று செயலி மதிப்பெண் போடுகிறது. பிறகு இருவரும் திரையில் சந்திக்கிறார்கள். எங்கள் வணிக மன்றத்திலிருந்து நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. செயலியே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. நல்ல செயலிதான், நானே சோதித்துப் பார்த்தேன். திருவொற்றியூரில் உள்ள ஒரு வால்வுப் பட்டறையின் விவரங்களை, நாங்கள் முதன்முதலில் அங்கே போனபோது இருந்தபடியே ஏற்றினேன். டென்மார்க்கில் எந்த நிறுவனத்துடனும் பொருத்தமில்லை என்று வந்தது. அந்தப் பட்டறையின் வால்வுகள் பல ஆண்டுகளாக டென்மார்க் கப்பல்களில் கடல்நீரை அடைத்துத் திறந்துகொண்டிருக்கின்றன. அது எப்படி நடந்தது என்று எழுதித் தரும்படி மன்றத்தில் இப்போது வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன்.

நான் ராயபுரத்தில் பிறந்தவள். கல்லூரி முடித்ததும் ஒரு தமிழ் நாளிதழில் துறைமுகச் செய்தியாளராகச் சேர்ந்தேன். எந்தக் கப்பல் வந்தது, எது வெளிக்கடலில் காத்திருக்கிறது, எந்தக் கிரேன் பழுது என்று எழுதுவது வேலை. எங்கள் செய்தி ஆசிரியர் கொண்டித்தோப்பு ஆள். அவர் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம்தான்: "கண்ணால பாத்தத எழுது. அடுத்தவன் பாத்தத அவன் பேரோட எழுது. நீயா நெனச்சத வூட்டுக்கு எடுத்துகினு போயிடு." சில ஆண்டுகளில் துறைமுகச் செய்திகளுக்கான பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். டென்மார்க்குடன் வணிகம் வளர்க்கும் மன்றம் ஒன்று தொடர்பு அலுவலர் தேடுவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன்.

மன்றத்தின் தலைமை அலுவலர் இங்கெர் என்ற டென்மார்க்குப் பெண்மணி. உயரமானவர். பருத்திச் சட்டையின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். நேர்காணலில் என் படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"வரவேற்பறையில் காத்திருந்தபோது என்ன பார்த்தீர்கள்?" என்றார்.

"கோபன்ஹேகன் நேரம் காட்டும் கடிகாரம் ஓடவில்லை. அதன் பேட்டரி காவலாளியின் ரேடியோவில் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை என்று அவரே சொன்னார்."

இங்கெர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார். திங்கட்கிழமை போனபோது கடிகாரம் ஓடியது. ரேடியோவும் பாடியது. இரண்டுக்கும் புதுப் பேட்டரி. அதிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்பது புரிந்துவிட்டது.

அவருக்குச் சில விதிகள் உண்டு. முதல் விதி, டென்மார்க்கிலிருந்து வருபவரிடம் தரங்கம்பாடியைப் பற்றிப் பேசக் கூடாது. டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டிய கதையை நம் ஊர்த் தொழிலதிபர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பார்கள், வந்தவரிடம் அதையே முதலில் எடுப்பார்கள். "முதல் அரைமணி நேரம் கோட்டைக்குப் போய்விடும். அதற்குள் வந்தவருக்குப் பசி வந்துவிடும்" என்பார் இங்கெர்.

இரண்டாவது விதி, எதையும் மறைக்கக் கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போதுதான் விருந்தினரை அழைத்துப் போவார். காருக்குள் நிலக்கரித் தூசி வந்தாலும் சரிதான். சரக்கு துறைமுகம் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பிறகு யாரும் கேட்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

பட்டறைக்குப் போனால் அலுவலக அறையில் உட்கார மாட்டார். நேராகக் கொல்லைப்புறம் போய்க் கழிவுக் குவியலைப் பார்ப்பார். குவியல் காலியாக இருந்தால் அந்தப் பட்டறை குறையுள்ளதையும் சேர்த்துச் செய்ததையெல்லாம் விற்றுவிடுகிறது என்று பொருள். அங்கிருந்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். செயலியில் கழிவுக் குவியலுக்கு இடமில்லை.

கேள்வி ஒன்று கேட்டால் பதில் வரும்வரை அசையாமல் இருப்பார். பதில் வந்த பிறகும் அப்படியே இருப்பார். நம் ஆட்களால் மௌனத்தைத் தாங்க முடியாது. முதலில் சொன்னது பாதி என்றால், மீதி அந்த மௌனத்தில் தானாக வந்துவிடும்.

இந்த முறைகள் வேலை செய்கின்றன என்று நான் முதலில் பார்த்தது காசிமேட்டில். குளிர் தாங்கும் மீன் பெட்டி செய்யும் டென்மார்க் நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்திருந்தார். அவராகவே முற்பகலில் காசிமேட்டுக்குப் போய், ஏலம் முடிந்து கழுவிவிட்ட தரையைப் பார்த்துவிட்டு, இங்கே சந்தை இல்லை என்று முடிவுகட்டியிருந்தார். இங்கெர் அவரது பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடச் செய்து, மறுநாள் விடியலில் என்னோடு அனுப்பினார். நாங்கள் போனபோது ஏலக்காரர்களின் குரல் உச்சத்தில் இருந்தது. மீன் விற்கும் அம்மா ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, யாரு இவுரு? மீனு வாங்க வந்தாரா, எண்ண வந்தாரா?"

"பொட்டி விக்க வந்திருக்காரு."

"ஐஸ் ஊர்லருந்து ஐஸ் பொட்டி தூக்கிகினு வந்துகீறாரா? எறக்கச் சொல்லு. நான் குந்திப் பாக்கறேன்."

இறக்கினார். அந்த அம்மா பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்து, அன்றைய மீன் முழுவதையும் விற்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. டென்மார்க்கில் மீன் பெட்டிமேல் யாரும் உட்காருவதில்லை. காசிமேட்டில் அது நாற்காலியும்கூட. வந்தவர் அவர் எதிரில் குத்துக்காலிட்டு, மூடி எவ்வளவு வளைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த தவணையில் கனமான மூடியோடு பெட்டிகள் வந்தன. இன்றும் அதே மூடிதான்.

இப்படிச் சில வெற்றிகள் கிடைத்தன. ஆனால் என்னிடம் யாராவது இந்த வேலை என்ன வேலை என்று கேட்டால் நான் சொல்வது தங்கராஜ் அண்ணாச்சியின் வால்வுகளைப் பற்றித்தான்.

தங்கராஜ் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த மளிகை மொத்த வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குடும்பத்தில் இவர் ஒருவர் மட்டும் கடையை விட்டுவிட்டுத் திருவொற்றியூரில் வெண்கல வால்வு செய்யும் பட்டறை போட்டார். நாற்பது பேர் போல வேலை செய்தார்கள். அவரது கழிவுக் குவியல் ஆள் உயரம் இருந்தது. என் கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த வால்வுகள் அதில் கிடந்தன. இங்கெர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதில் என்ன குறை?"

"முகம் சரியில்ல" என்றார் தங்கராஜ்.

வால்வுக்குள் நீரை அடைக்கும் வட்டத் தகடு ஒன்று உண்டு. அது போய் உட்காரும் வளையம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே மெருகுப் பசை தடவிக் கையால் மாற்றி மாற்றித் தேய்த்து, இடைவெளியே இல்லாமல் பொருந்த வைப்பார்கள். அந்தப் பரப்பைத்தான் பட்டறையில் முகம் என்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர் வியாசர்பாடியைச் சேர்ந்த ஏகாம்பரம். பட்டறையின் மேஸ்திரி. அவருக்குப் பிடிக்காத முகங்கள்தான் குவியலில் கிடந்தவை.

இங்கெர் கேள்வி எதுவும் கேட்காமல் நின்றார். தங்கராஜ் மீதியையும் சொல்லிவிட்டார். பட்டறை இருக்கும் நிலத்தில் பாதி அவர் மனைவியின் தம்பி சுயம்புவுக்கு உரியது. சுற்றிலும் உள்ள மனைகள் எல்லாம் கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டாக மாறிவிட்டன. இந்த மனையையும் யார்டுக்காரர்கள் குத்தகைக்குக் கேட்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று உறுதியானால் பட்டறை இருக்கும், இல்லாவிட்டால் பொங்கல் கழிந்து பட்டறையை மூடிவிட்டு மனையைக் கொடுத்துவிடுவது என்று குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் இங்கெர் கப்பல் கருவிகள் செய்யும் டென்மார்க் நிறுவனம் ஒன்றுக்கு எழுதினார். மாதக்கணக்கில் வரைபடங்கள் போய்வந்தன. முடிவில், பன்னிரண்டு வால்வுகள் மாதிரியாகச் செய்யட்டும், எங்கள் ஆய்வாளர் வந்து தன் கண்முன் சோதிப்பார், தேறினால் ஆர்டர் என்று பதில் வந்தது.

ஆய்வாளரின் பெயர் யோர்கன். தீபாவளிக்குப் பிறகு வருவதாக இருந்தது. அவரது வேறு பயணம் ஒன்று மாறியதால் விஜயதசமி காலையில் வர முடியுமா என்று கேட்டார். ஆயுத பூஜைக்கு மறுநாள். முடியாவிட்டால் சொல்லுங்கள் என்று தங்கராஜிடம் சொன்னேன். "விஜயதசமி அன்னைக்குத் தொட்டது துலங்கும்மா. தாராளமா வரச் சொல்லுங்க" என்றார்.

நாங்கள் போனபோது லேத்துகளில் வாழைக்கன்றுகள் கட்டியபடியே இருந்தன. வாசலில் உடைத்த பூசணிக்காய் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. யோர்கன் அதைப் பார்த்து நின்றார்.

"விபத்தா?"

விளக்கினேன். தலையசைத்துவிட்டு அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தார். குட்டையான மனிதர், ஐம்பது வயது இருக்கும். வேலை செய்யும்போது மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார், முடிவு சொல்லும்போது கழற்றிவிடுவார். இங்கெர் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு சோதனை மேடையிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். சுயம்பு வாசலில் கைப்பேசியோடு நின்றார்.

சோதனை இரண்டு கட்டம். முதலில் வால்வைத் திறந்துவைத்து, உள்ளே நீரை அழுத்தி, உடம்பில் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். அதில் முதல் வால்வு தேறியது. அடுத்து வால்வை மூடி, ஒரு பக்கம் நீரழுத்தம் கொடுத்து, மறுபக்கம் சொட்டு வருகிறதா என்று பார்ப்பார்கள். யோர்கன் வெள்ளைக் காகிதக் கைக்குட்டை ஒன்றை மறுபக்க வாயின் கீழே விரித்தார். அழுத்தமானியின் முள் ஏறியது. அவர் கை உயர்த்தியதும் பம்ப் நின்றது.

ஒரு சொட்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

வெள்ளைக் காகிதத்தில் அது நீராகப் பரவவில்லை. இளஞ்சிவப்பாகப் பரவியது. யோர்கன் காகிதத்தை விளக்கின் கீழே கொண்டுபோனார்.

"துரு" என்றார். ஆங்கிலத்தில் சொன்னாலும் பட்டறையில் எல்லோருக்கும் புரிந்த சொல் அது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "வெண்கலத்தில் துரு பிடிக்காது. இது வெண்கலமாக இருந்தால்."

அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். சரக்கில் கசிவு என்றால் திருத்தித் தரலாம். வெண்கலம் என்று சொல்லி இரும்பைக் கலந்தார் என்று ஒரு பெயர் வந்தால் அதற்குப் பிறகு பேச எதுவும் இல்லை.

இரண்டாவது வால்வை ஏற்றினார்கள். அதே இளஞ்சிவப்புச் சொட்டு. மூன்றாவதிலும் அதேதான். யோர்கன் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்.

வாசலிலிருந்து சுயம்பு சொன்னார். "அத்தான், வெளிய லாரி நிக்க எடமில்லாம ரோட்டுல நிக்கி. நாம இவ்வளவு எடத்த அடச்சுப் போட்டுட்டு வாழக்கன்னு கட்டிட்டு இருக்கோம்."

தங்கராஜ் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"லேசா துரு, மழத் தண்ணி பட்டிருக்கும், தொடச்சுத் தாரோம்னு சொல்லிருங்கம்மா."

"அது துருவா அண்ணாச்சி?"

அவர் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார்.

"எனக்குச் சந்தன வாசன வருது" என்றேன்.

தங்கராஜ் திரும்பி ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே அருகில் வந்தார்.

"நான்தான் மேடம் வெச்சேன். நேத்து பூஜைல எல்லா வால்வையும் தொறந்து எலைல அடுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சேன். மறுபூஜ போடாம பொட்ட அழிக்கக் கூடாதுன்னு வூட்ல சொல்லுவாங்கோ. காத்தால அப்டியே மாட்டிட்டேன். ஒரு பொட்டு இன்னா பண்ணிடப் போவுது, பிரஷர்ல நசுங்கிடும்னு நெனச்சிகினேன்."

"ஏலே, வெளிய வைக்கத் தெரியாதா ஒனக்கு? முகத்துலயா வைப்ப?"

"வெளில வெச்சா அது சோடிக்கறது அண்ணாச்சி."

தங்கராஜ் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இத எப்பிடிம்மா அவர்ட்ட சொல்லுவேன்? கப்பல்ல போற சாமானுக்குப் பொட்டு வச்சு உள்ள வச்சுப் பூட்டிட்டானுவன்னு சிரிப்பாரு. அவுக ஊர்ல போயிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"துருன்னு சொன்னா சிரிக்க மாட்டாரு. கெளம்பிடுவாரு."

"அப்ப நீங்களே பதமாச் சொல்லிருங்களேன். ஒங்களுக்குத்தான் பாஷ தெரியும்."

இங்கெரின் கடைசி விதி இதற்கானது. கெட்ட செய்தியை விற்பவர்தான் சொல்ல வேண்டும். நாம் சொன்னால் அவர் மறைத்ததாகவும் நாம் கண்டுபிடித்ததாகவும் ஆகிவிடும். திரும்பிப் பார்த்தேன். இங்கெர் மரப்பெட்டியின் மேல் அசையாமல் இருந்தார்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்த கூட்டாம கொறைக்காம நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாமி படத்தின் முன்னால் போய்ப் பூஜைத் தட்டை எடுத்தார். சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் அதில் இருந்தன. தட்டைக் கொண்டுவந்து சோதனை மேடையில் யோர்கன் முன்னால் வைத்தார்.

"சார், அது துரு இல்ல. நேத்து எங்களுக்கு ஆயுத பூஜை. வேல செய்யுத எல்லாத்துக்கும் பொட்டு வைப்போம். ஒங்க வால்வுக்கும் வச்சோம், உள்ள முகத்துல. தொடைக்காம மாட்டிட்டோம். தப்பு எங்களுதுதான். வெண்கலத்துல தப்பு இல்ல."

சொன்னேன். யோர்கன் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். காகிதத்தை முகர்ந்தார். கிண்ணத்தில் விரலை வைத்து முகர்ந்தார். குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து இன்னொரு காகிதத்தில் வைத்து அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டார். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே நிறம்.

"எதற்கு முகத்தில்?" என்று கேட்டார்.

தங்கராஜ் ஏகாம்பரத்தைக் காட்டினார். ஏகாம்பரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னிடம் அல்ல, நேராக அவரிடமே சொன்னார்.

"லேத்து கடஞ்சுச்சு சார், லேத்துக்குப் பொட்டு வெச்சேன். சுத்தி அடிச்சுது, சுத்திக்கு வெச்சேன். இந்த மூஞ்சி கையால தேய்ச்சது. கைக்கு யாரு பொட்டு வெப்பாங்கோ? அதான் கை வேல செஞ்ச எடத்துல வெச்சேன்."

இதையும் மொழிபெயர்த்தேன். யோர்கன் பேசவில்லை. தங்கராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை லேசாக அசைத்தேன். அடக்கிக்கொண்டார்.

"முதல் வால்வைத் திறங்கள். துடைக்க வேண்டாம்" என்றார் யோர்கன்.

ஏகாம்பரம் திறந்தார். யோர்கன் கைவிளக்கோடு குனிந்து, தகட்டையும் வளையத்தையும் வெகு நேரம் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது வால்வுகளையும் அப்படியே பார்த்தார். பிறகு என்னையும் தங்கராஜையும் அருகில் அழைத்துக் காட்டினார். வளையத்தைச் சுற்றி மயிரிழை அகலத்தில் ஒரு பளபளப்பான கோடு. தகடு வளையத்தைத் தொட்ட தடம். பொட்டு இருந்த இடத்தில் மட்டும் அந்தக் கோடு விட்டுப்போயிருந்தது. மூன்று வால்விலும் அந்த ஓர் இடம் தவிர வேறெங்கும் விடுபடவில்லை.

"சாதாரண வால்வில் இவ்வளவு மெல்லிய பூச்சு கீறல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தெரியவே தெரியாது" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "இந்த முகத்தில் ஒரு பொட்டுக்குக்கூட இடமில்லை."

அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிட்டது. அதை மொழிபெயர்ப்பில் சேர்த்ததாக யாரும் குறை சொல்லவில்லை.

பன்னிரண்டையும் கழுவித் துடைத்து மாட்டினார்கள். ஏகாம்பரமே முதல் வால்வை மேடையில் ஏற்றினார். முள் ஏறியது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று போகப் போக, மற்ற வேலையாட்கள் ஒவ்வொருவராக வந்து மேடையைச் சுற்றி நின்றார்கள். கடைசி வால்வின் அழுத்தத்தை இறக்கியதும் ஏகாம்பரம் காகிதத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். காய்ந்து மொடமொடப்பாக இருந்தது.

"கேளுங்கோ மேடம், தொர இன்னா சொல்றாரு?"

யோர்கன் சொன்னது ஒரே சொல். தேறியது. அதை நான் மொழிபெயர்ப்பதற்குள் பட்டறை கைதட்ட ஆரம்பித்துவிட்டது. யோர்கன் முதல் காகிதத்தை, சிவப்புப் பட்டதை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் அலுவலகத்தில் வெறுமனே சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றார்.

சுயம்பு மெல்ல உள்ளே வந்தார். "அத்தான், அப்ப யார்டுக்காரங்கள்ட்ட என்னன்னு சொல்லட்டும்?"

"பக்கத்துல ஏதும் எடம் காலியா இருந்தா நமக்குச் சொல்லச் சொல்லு. இது பத்தாது."

திரும்பி வரும்போது லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். முன்சீட்டில் யோர்கன் தூங்கிவிட்டார். இங்கெர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "முதல் சொட்டிலேயே எனக்கும் வாசனை வந்தது."

"நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

"நான் வால்வு விற்கவில்லை" என்றார்.

ஆர்டர் வந்தது. கையெழுத்துக்கு யோர்கனே மறுபடி வந்தார், அது முடிந்த அன்று மதியம் பட்டறையிலேயே சாப்பாடு. இலையில் உட்கார்ந்ததும் தங்கராஜ் என் பக்கம் சாய்ந்தார். "இப்பவாவது தரங்கம்பாடி பத்திப் பேசலாமாம்மா?" கோட்டைப் படம் ஒன்றைச் சட்டம் போட்டு வாங்கி, நாங்கள் முதலில் வந்த நாளிலிருந்து மேஜைக்குக் கீழே வைத்திருந்தாராம். இங்கெரிடம் கேட்டேன். பாயசம் வரும்வரை பேசலாம் என்று அனுமதி கொடுத்தார். தங்கராஜ் படத்தை எடுத்து யோர்கனிடம் நீட்டி, இது உங்கள் நாட்டவர் கட்டியது என்றார். யோர்கன் கவனமாகப் பார்த்தார். அப்படி ஓர் ஊர் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். கட்டிடத்தின் முகப்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

பட்டறைக்குப் பக்கத்து மனையையும் எடுத்துக்கொண்டார்கள். வேலையாட்கள் கூடினார்கள். இங்கெர் பணி முடிந்து ஊர் திரும்பினார். ஒவ்வொரு தவணைக்கும் ஆய்வாளரை அனுப்புவது வீண் என்று முடிவு செய்த டென்மார்க் நிறுவனம், தன்னுடைய சோதனை இயந்திரம் ஒன்றையே திருவொற்றியூருக்கு அனுப்பியது. இனி நீங்களே சோதியுங்கள், உங்கள் சொல்லை ஏற்கிறோம் என்பது அதன் பொருள். என் பணிக்காலத்தில் இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வாசலில் சுயம்பு பூசணிக்காயோடு தயாராக நின்றார். ஏகாம்பரம் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு லேத்தாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, டென்மார்க் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னா ஏகாம்பரம், வெக்கலயா?" என்றேன்.

"ஒரு தபா பட்டாச்சு மேடம். இதுல எங்க வெக்கிறதுன்னு தொரையவே கேட்டுச் சொல்லுங்கோ."

அங்கே காலை நேரம். யோர்கனைக் கைப்பேசியில் கூப்பிட்டு, கேள்வியைச் சொன்னேன். மறுமுனையில் மௌனம். இங்கெரிடம் வேலை பார்த்தவள் ஆகையால் நானும் பேசாமல் இருந்தேன்.

"அழுத்தமானியின் கண்ணாடியில் வேண்டாம்" என்றார் முதலில். பிறகு, "அந்த இயந்திரம் முழுவதும் இயந்திரம் செய்தது. ஓர் இடம் மட்டும் கையால் செய்தது. இடப்பக்க முன்காலின் உள்புறம் ஒரு வெல்டிங் இருக்கும். எங்கள் ஆள் ஒருவர் படுத்துக்கொண்டு வைத்தது. அங்கே வைக்கச் சொல்லுங்கள்."

ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்து, காலின் உள்புறம் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். துண்டால் தூசியைத் துடைத்தார். சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். வாசலில் சுயம்பு பூசணிக்காயை ஓங்கி உடைத்தார்.

"ஒரு போட்டோ புடிச்சு அவுருக்கு அனுப்புங்கோ மேடம். வெல்டிங் வெச்சவரு பாக்கட்டும்."

யோர்கனிடம் அந்த வெல்டரின் பெயரைக் கேட்டேன். செய்தித்தாள் பழக்கம். ஒலெ என்றார். படத்தை அவர் பெயரோடு அனுப்பினேன்.